காற்கூறும் முக்காற்கூறும்: இணையவழித் தமிழ்க் கல்வியில் தொடர்புக் கருவித் தேர்வு

ஆய்வுச்சுருக்கம்

இணையவழி வகுப்புக்குரிய தொடர்புக் கருவியைத் தேரும்போது உயர்கல்வி நிறுவனங்கள் நேரலைக் காணொளியையே மையமாகக் கொள்கின்றன. ஆசிரியர் உரைப்பதை மாணவர்க்குக் கொண்டுசேர்த்தலே கற்பித்தல் என்னும் எண்ணம் இத்தேர்வின் அடியில் உள்ளது. கல்வியில் ஆசிரியர் உரையின் பங்கு காற்கூறே என்றும், எஞ்சிய முக்காற்கூறு உடன்பயில்வோராலும் பிறர்க்கு எடுத்துரைப்பதாலும் நிறைவுறும் என்றும் நன்னூல் வகுத்துரைக்கிறது. அப்பகுப்பை அளவுகோலாகக் கொண்டு, தமிழிலக்கிய, இலக்கணப் பாடங்களுக்கு ஏற்ற கருவிகளைத் துறைகளே தேர்தல் வேண்டும் என்பதை இக்கருத்துரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: இணையவழிக் கல்வி, நன்னூல், பாடங்கேட்டல், குரற்பதிவு, ஒருங்குறி, கருவித் தேர்வு.

முன்னுரை

2020 மார்ச்சில் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது தமிழ்த்துறைகள் தொடர்புக் கருவிகளைத் தேர்ந்தெடுக்கவில்லை. கைக்குக் கிடைத்தவற்றைப் பற்றிக்கொண்டன. காணொளிக் கூட்டச் செயலிகளின்வழி வகுப்பறை அப்படியே திரைக்குப் பெயர்க்கப்பட்டது. ஐம்பது நிமிட விரிவுரை ஐம்பது நிமிடக் காணொளியாயிற்று. வருகைப்பதிவேடு பங்கேற்பாளர் பட்டியலாயிற்று. அந்நெருக்கடியில் அதனைக் குறையெனக் கூறல் பொருந்தாது.

ஆயின் நெருக்கடி நீங்கிய பின்னும் அந்த ஏற்பாடே இணையவழிக் கல்வியின் இலக்கணமாக நிலைத்துவிட்டமை ஆராய்தற்குரியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள், ஒரு பருவத்திற்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை சுவயம் தளத்தின்வழிப் பயில இடமளிக்கின்றன. 2016ஆம் ஆண்டு விதிமுறைகளில் இவ்வரம்பு 20 விழுக்காடாக இருந்தது. தொலைநிலைக் கல்வி, கோடைக்காலச் சிறப்பு வகுப்பு, அயல்நாட்டு மாணவர்க்கான தமிழ் வகுப்பு எனப் பிற தேவைகளும் பெருகி வருகின்றன. இணையவழிக் கற்பித்தல் இனி இடைக்கால ஏற்பாடன்று. எனவே அதற்குரிய கருவித் தேர்வும் இடைக்கால மனநிலையில் நிகழ்தலாகாது.

கருவித் தேர்வு பற்றிய உரையாடல்களில் பெரும்பாலும் எழும் வினா, எந்தச் செயலி சிறந்தது என்பதே. அவ்வினா பிழையான இடத்தில் தொடங்குகிறது. கற்றலின் எந்தக் கூறுக்கு எந்தக் கருவி என்பதே முதலில் எழவேண்டிய வினா. இதற்கு விடைகாணத் தமிழ் மரபிலேயே தெளிவான அளவுகோல் ஒன்று உண்டு.

நன்னூல் காட்டும் பகுப்பு

பவணந்தி முனிவரின் நன்னூற் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கன், பாடங்கேட்கும் முறை என ஐந்தனையும் வகுத்துப் பேசுகிறது. இவற்றுள் பாடங்கேட்கும் முறை பற்றிய பகுதி இணையவழிக் கல்விக்கு நேரடியாகப் பொருந்துவது. ஒரு நூலை இருமுறை கேட்பவன் அந்நூலிற் பெரிதும் பிழைபடான். மும்முறை கேட்பவன் அதன் முறையறிந்து பிறர்க்கு உரைக்கும் நிலையை எய்துவான். ஆயினும் ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கிக்கொண்டாலும் அவன் பெறுவது புலமையின் காற்கூறே. உடன்பயில்வோரொடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வாய்க்கும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் நிறைவுறும்.

இது மாணவரின் கடமை பற்றிய அறவுரை மட்டுமன்று; கற்றல் நிகழும் முறை பற்றிய கணக்கீடும் ஆகும். இன்றைய இணையவழி வகுப்பை இக்கணக்கில் வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். துறைகள் செலவிடும் நேரம், பொருள், தரவு ஆகிய அனைத்தும் முதற்காற்கூறுக்கே செல்கின்றன. எஞ்சிய முக்காற்கூறுக்கெனக் கருவியும் இல்லை. கால ஒதுக்கீடும் இல்லை. வகுப்பறையில் மரத்தடியிலும் விடுதியிலும் நூலகத்திலும் தாமாக நிகழ்ந்த உடன்பயிற்சி, திரைக்கு வந்தபோது அறவே நின்றுபோயிற்று. அதனை மீட்டெடுப்பதே கருவித் தேர்வின் நோக்கமாதல் வேண்டும்.

முதற்காற்கூறு: ஆசிரியர் உரை

ஆசிரியர் உரையை மாணவர்க்குக் கொண்டுசேர்க்க நேரலைக் காணொளி இன்றியமையாததா என்பதை முதலில் நோக்கலாம். நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் தரவு வந்திறங்கும் காணொளி வகுப்பு ஒரு மணி நேரத்தில் 450 மெகாபைட்டை உண்ணும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எனில் 2.25 கிகாபைட் ஆகும். 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்க்கு நாள்தோறும் 2 கிகாபைட் தரவை இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்த உதவியும் இக்கணக்கின்படி ஒரு நாள் வகுப்புக்குப் போதாது. மாறாக, நொடிக்கு 24 கிலோபிட் வீதம் பதிவுசெய்த குரல், பேச்சுக்குப் போதிய தெளிவுடையது. ஒரு மணி நேரக் குரற்பதிவின் அளவு 11 மெகாபைட்டுக்கும் குறைவே. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு நாற்பது மடங்குக்கு மேல்.

இவ்வேறுபாடு சிக்கனம் பற்றியது மட்டுமன்று. தமிழிலக்கியப் பட்ட வகுப்புகளில் ஊரகத்தினரும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தோரும் கணிசமானோர். வீட்டில் ஒரே கைப்பேசியை உடன்பிறந்தாரொடு பகிர்ந்துகொள்ளும் மாணவிக்கு, குறித்த நேரத்தில் குறித்த திரைமுன் இருத்தல் இயலாத நிபந்தனை. நேரலையையே வகுப்பாக வரையறுக்கும் துறை, அவளை அறிந்தோ அறியாமலோ வகுப்பிலிருந்து விலக்கிவிடுகிறது.

பாடத்தின் இயல்பும் குரலுக்கே சார்பாக நிற்கிறது. செய்யுளை ஓசையறிந்து படித்தல், சீர்பிரித்து ஒலித்தல், லகர ளகர ழகரங்களை வேறுபடுத்தல், சந்தி பிரிப்பால் பொருள் மாறும் இடத்தைச் சுட்டுதல் ஆகியன செவிவழிப் பயிற்சிகள். இருமுறை, மும்முறை கேட்டல் என நன்னூல் வேண்டுவதும் பதிவுசெய்த குரலாற் கைகூடும். ஒருமுறை ஒலித்து மறையும் நேரலையாற் கைகூடாது. பாடப்பகுதியின் மூலத்தை எழுத்து வடிவில் முன்னரே அளித்து, பத்துப் பன்னிரண்டு நிமிட அளவிலான குரற்பதிவுகளாக விளக்கத்தை அமைத்தால், மாணவர் தமக்கு வாய்த்த நேரத்தில் கேட்பர். ஐயமுற்ற இடத்தில் நிறுத்தி மீண்டும் கேட்பர்.

கண்ணாற் காணவேண்டிய பாடங்களும் உண்டு. சுவடியியலும் கல்வெட்டியலும் அத்தகையன. ஆயின் அங்கும் வேண்டுவது அசையும் காணொளி அன்று, தெளிவான நிலைப்படம். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் எழுத்தில் வேறுபடா. எழுத்தைப் பெரிதாக்கி, வரியை மீண்டும் மீண்டும் நோக்கியே மாணவர் பாடங்கொள்ள இயலும். தரவைச் சுருக்கி அனுப்பும் காணொளிக் கூட்டத்தில் நுண்ணிய கோடுகள் மங்கிவிடும். உயர்தர நிலைப்படம் ஒருமுறை இறக்கப்பட்டபின் எத்தனை முறை நோக்கினும் கூடுதல் தரவு செலவாகாது.

இரண்டாம் காற்கூறு: உடன்பயில்வோர்

உடன்பயில்வோர் உரையாட ஏற்ற கருவி, எழுத்துவழி உரையாடலைப் பொருள்வாரியாகத் தொகுத்து வைப்பதாக இருத்தல் வேண்டும். வாட்ஸ்அப் குழுக்கள் எளிமையாலும் பரவலாலும் முதலிடம் பெற்றுள்ளன. அவற்றின் பயனை மறுத்தற்கில்லை. எனினும் இரு குறைகள் கருதத்தக்கன. ஒன்று, வாழ்த்தும் அறிவிப்பும் ஐயமும் விடையும் ஒரே ஒழுக்கில் கலந்து, பருவ இறுதியில் எதனையும் தேடிப் பெற இயலாமை. மற்றொன்று, குழுவில் உள்ளார் அனைவர்க்கும் ஒவ்வொருவர் கைப்பேசி எண்ணும் புலப்படுதல். மாணவியர் பலர் வினவத் தயங்குவதற்கு இதுவும் காரணமாகும். கட்டற்ற மென்பொருளாகிய மூடுல் போன்ற கற்றல் மேலாண்மைத் தளங்களின் உரையாடற்களம் இவ்விரு குறையையும் தவிர்க்கும். ஒவ்வொரு பாடப்பகுதிக்கும் தனித்தனி உரையாடலை அமைக்க இடந்தரும். அதனை நிறுவிப் பேணக் கணினிப் பயிற்சியுடைய பணியாளர் ஒருவர் வேண்டும் என்பதும் உடன் எண்ணத்தக்கது. அவ்வசதியில்லாத துறைகள், வாட்ஸ்அப் குழுவை அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பலர் ஒருங்கே எழுதத்தக்க பகிர்வு ஆவணத்தைப் பாட உரையாடலுக்குக் கொள்ளலாம்.

கருவியினும் முதன்மையானது அதனுள் நிகழும் பணி. திருக்குறளுக்குப் பழைய உரையாசிரியர் பதின்மர் என்பது மரபு. அவர்களுள் மணக்குடவர், பரிதி, காலிங்கர், பரிப்பெருமாள், பரிமேலழகர் ஆகிய ஐவர் உரைகள் கிடைக்கின்றன. மாணவரை ஐந்து அணியாக்கி, அணிக்கு ஓர் உரையாசிரியரை ஒப்படைத்து, ஒரே அதிகாரத்துக்கு அவ்வுரையாசிரியர் கொண்ட பாடத்தையும் பொருளையும் ஒரே ஆவணத்தில் அடுத்தடுத்து எழுதச் செய்யலாம். பாடவேறுபாடும் வைப்புமுறை வேறுபாடும் மாணவர் கண்முன் தாமே விரியும். ஆசிரியர் ஒரு மணி நேரம் விரித்துரைத்தாலும் நிகழாத ஒப்பீடு, மாணவர் தம்முள் வினவிக்கொள்ளும்போது நிகழும். இப்பணிக்குக் காணொளி வேண்டா, எழுத்து போதும். ஒருங்குறியின் பரவலான குறியேற்ற முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் இடமே கொள்ளும். 1330 குறளும் அடங்கிய எழுத்துக்கோப்பு ஒரு மெகாபைட்டை எட்டாது.

அரைக்கூறு: எடுத்துரைத்தல்

புலமையின் பாதியை நன்னூல் எடுத்துரைத்தலுக்கு அளிக்கிறது. இணையவழி வகுப்போ அதற்கு ஒன்றும் அளிப்பதில்லை. எழுத்துவழி ஒப்படைப்பு அவ்விடத்தை நிரப்புவதாகக் கருதப்பட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு அக்கருத்து வலுவிழந்துவிட்டது. ஒரு செய்யுளின் நயத்தை நான்கு பக்கத்தில் எழுதித்தரும் பணியை இன்று பொறி செய்துவிடும். அவ்வெழுத்தில் இல்லாத செய்யுளும் இல்லாத உரையும் இடம்பெறுதல் கூடும். அதனினும் தீங்கானது, மாணவர் அச்செய்யுளை ஒருமுறையேனும் படிக்காமலே மதிப்பெண் பெறுதல். எழுத்தொப்படைப்பை மட்டும் நம்பும் இணையவழிப் பட்டம் தன் மதிப்பைத் தானே இழக்கும்.

வாய்மொழியே இதற்கு மாற்று. ஒவ்வொரு மாணவரும் வாரந்தோறும் ஒரு செய்யுளை ஓசையோடு படித்து, பதம்பிரித்து, பொருள்கூறி மூன்று நிமிடக் குரற்பதிவாக அனுப்பலாம். முற்கூறிய அளவில் அப்பதிவு அரை மெகாபைட்டுக்குச் சற்றே மிகும். எழுதிவைத்ததைப் படித்தனுப்புதலும் இயலும். ஆதலின் குரற்பதிவை அடுத்து நேரில் வினவுதலும் வேண்டும். நேரலைக் கருவி தன் உண்மையான பயனைத் தருவது இவ்விடத்திலேயே. அறுபது பேர் அமைதியாகக் கேட்கும் விரிவுரைக்கன்று, அறுவர் வாய்திறந்து விடையிறுக்கும் உரையாடலுக்கே நேரலை உரியது.

ஆசிரியரின் சுமை பெருகும் என்னும் தடை இங்கு எழும். அதனைக் கணக்கிட்டே விடையிறுத்தல் தகும். அறுபது மாணவரின் மூன்று நிமிடப் பதிவுகளை ஒருவரே கேட்பின் வாரத்திற்கு மூன்று மணி நேரம் ஆகும், அஃது இயலாது. அறுவர் கொண்ட பத்து அணிகளாகப் பகுத்தால், ஒவ்வொரு மாணவரும் தம் அணியினர் ஐவரின் பதிவுகளைப் பதினைந்து நிமிடத்திற் கேட்டுக் குறிப்பெழுதுவர். ஆசிரியர் வாரத்திற்கு இரண்டு அணிகளின் பதிவுகளை 36 நிமிடத்திற் கேட்டு, அவ்விரு அணிகளோடும் தலா 15 நிமிடம் நேரலையில் உரையாடுவார். மொத்தம் 66 நிமிடம். ஏறத்தாழ ஒரு நேரலை விரிவுரையின் அளவு. ஐந்து வாரத்தில் ஒரு சுற்று முடியும். பதினைந்து வாரப் பருவத்தில் ஒவ்வொரு மாணவரின் குரலையும் ஆசிரியர் மும்முறை கேட்டிருப்பார். பதினைந்து நிமிடக் கூட்டத்திற்குக் கட்டணக் கணக்கும் தேவைப்படாது. ஜூம் இலவசக் கணக்கின் 40 நிமிட வரம்பும், கூகுள் மீட் இலவசக் கணக்கில் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடும்போது உள்ள 60 நிமிட வரம்பும் இதற்குத் தாராளம். இப்பணியைக் கற்பித்தல் நேரமாக நிறுவனம் ஏற்றுக்கொள்ளுதல் மட்டும் இன்றியமையாதது. ஏற்காவிடில் இது ஆசிரியரின் தனி ஆர்வமாகத் தொடங்கி அயர்வில் முடியும்.

எழுத்துரு, அணுக்கம், நிலைபேறு

எந்தக் கூறுக்குரிய கருவியாயினும் மூன்று தேர்வுகளில் அது தேறவேண்டும். முதலாவது எழுத்துரு. 2010 சூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதன் பின்னும் பழைய குறியேற்றத்தில் அமைந்த பாடக்குறிப்புகள் துறைகளில் புழங்குகின்றன. அவை மாணவரின் கைப்பேசியிற் பொருளற்ற குறிகளாகத் தோன்றும், தேடலுக்கும் அகப்படா.

இரண்டாவது அணுக்கம். பார்வைத்திறன் குறையுடைய மாணவர் இலக்கியத் துறைகளை நாடி வருகின்றனர். அவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைபடிப்பான்கள் ஒருங்குறித் தமிழைப் படித்துக்காட்டும். பழைய எழுத்துருவிலுள்ள கோப்பையும் எழுத்தறிதல் செய்யாமல் படமாக வருடிய பக்கத்தையும் அவற்றாற் படிக்க இயலாது. குரற்பதிவும் ஒருங்குறி எழுத்தும் முதன்மை பெறும் வகுப்பில் அம்மாணவர் சலுகை பெறுவோராக இன்றிச் சமநிலையராகப் பங்குகொள்வர்.

மூன்றாவது நிலைபேறு. பல நாட்டு ஆசிரியரும் பயன்படுத்திய எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுளின் ஜேம்போர்டு 2024 இறுதியில் நின்றது. ஸ்கைப் 2025 மேயில் முடிவுற்றது. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பின்றி வழங்கிய சேமிப்பிடத்தைக் கூகுள் 2022இல் 100 டெராபைட் என்னும் அடிப்படை அளவுக்குச் சுருக்கியது. ஒரு நிறுவனத்தின் வணிக முடிவால் துறையின் ஐந்தாண்டுப் பாடப்பதிவுகள் மறைந்துபோகும் நிலை ஏற்படலாகாது. மாறாக, 1998இல் தொடங்கிய மதுரைத்திட்டத்தின் மின்பதிப்புகள், குறியேற்றம் மாறிய காலத்திலும் ஒருங்குறிக்குப் பெயர்ந்து இன்றும் பயன்படுகின்றன. எளிய எழுத்துக்கோப்பாக அவை அமைந்தமையே அதற்குக் காரணம். ஆகவே பாடப்பொருளின் மூலப்படியைப் பொதுவடிவிலான எழுத்தாகவும் ஒலியாகவும் துறையே தன்னிடம் காத்தல் வேண்டும். செயலிகள் அதனை வழங்கும் வாயில்களாக மட்டும் இருத்தல் தகும். மாணவரின் குரல் அவர்தம் தனியுரிமை சார்ந்த தரவு ஆதலின், அது யாரிடம் எத்துணைக் காலம் இருக்கும் என்பதையும் துறை முன்னரே அறிவித்தல் வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதோரைக் குழந்தைகளாகவே கருதுகிறது. முதலாண்டு மாணவருள் அவ்வயதினரும் உளர்.

மாற்றுக் கருத்துகள்

ஆசிரியரும் மாணவரும் முகம் நோக்கும் உறவு காணொளியில் மட்டுமே வாய்க்கும் என்பர். பெருங்கூட்ட வகுப்பில் மாணவர் பெரும்பாலும் ஒளிப்படக்கருவியை அணைத்தே வைக்கின்றனர். ஆசிரியர் நோக்குவது பெயர்களை மட்டுமே. முகமுகமான உறவு அறுவர் கூட்டத்தில் வாய்ப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

வருகைப்பதிவுக்கு நேரலையே சான்று என்பது நிருவாகத்தாரின் கருத்து. பங்கேற்பாளர் பட்டியல் காட்டுவது இணைப்பின் இருப்பை. மாணவரின் கேட்டலை அன்று. வாரந்தோறும் அனுப்பிய குரற்பதிவும் அணியினர்க்கு எழுதிய குறிப்பும் அதனினும் உறுதியான வருகைச் சான்றுகள்.

நிறுவனம் முழுமைக்கும் ஒரே கருவி இருப்பதே சீர்மை என்னும் வாதமும் உண்டு. ஆவணம், பாதுகாப்பு ஆகியவற்றில் அச்சீர்மை வேண்டற்பாலது. கற்பித்தலில் அஃது ஏற்புடைத்தன்று. ஆய்வகப் பாடத்துக்கும் கணக்கியலுக்கும் பொருந்தும் கருவி யாப்பிலக்கணத்துக்கும் பொருந்தும் எனக் கொள்ளுதல் பாடத்தின் தனித்தன்மையை மறுப்பதாகும்.

முடிவுரை

கருவித் தேர்வு கணினிப் பிரிவின் கொள்முதல் முடிவன்று. பாடத்திட்டக் குழுவின் கல்வி முடிவு. ஒவ்வொரு தாளுக்கும் பாடத்திட்டம் வகுக்கும்போதே, ஆசிரியர் உரைக்கு எது, உடன்பயிற்சிக்கு எது, எடுத்துரைத்தலுக்கு எது என மூன்று வினாக்களுக்கும் விடை எழுதப்பெறுதல் வேண்டும். ஆசிரியர் உரைக்கு மூலபாடமும் குரற்பதிவும், உடன்பயிற்சிக்குப் பொருள்வாரியான எழுத்துக்களம், எடுத்துரைத்தலுக்கு மாணவரின் குரலும் சிறுகுழு நேரலையும் என்பது இக்கட்டுரை முன்வைக்கும் விடை. இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வலுக்குறைந்த இணைப்பும் பகிர்ந்துகொள்ளும் கைப்பேசியும் உடைய மாணவி பங்குகொள்ள இயலும் கருவியே துறைக்குரிய கருவி எனக் கொள்ளின், ஏனையோர்க்கும் அது குறைவுறாது. நேரலைத் திரைக்கு முன் அறுபது பேரை அமர்த்திக் காற்கூறு வழங்கிவிட்டுக் கல்வி நிறைவுற்றதெனப் பதிவேட்டில் எழுதும் வழக்கத்தைத் தமிழ்த்துறைகளே முதலிற் கைவிடல் வேண்டும். எஞ்சிய முக்காற்கூறின் தேவையைத் தம் இலக்கண மரபிலேயே பாடமாகக் கற்பிக்கும் துறைகள் அவை.